வைகாசியில் பிறந்த சான்றிதழ்

திரையில் வந்து நின்றது ஒற்றை வரி. பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, நிறுவல் நிறுத்தப்பட்டது. அதற்குக் கீழே 'சரி' என்று ஒரு பொத்தான். எதுவுமே சரியில்லாத நேரத்தில் அழுத்துவதற்கு அது ஒன்றைத்தான் கொடுத்திருந்தார்கள். அழுத்தினேன். எல்லாம் மறைந்து வெறும் நீலம் மிஞ்சியது. எனக்குப் பின்னால் நின்றிருந்த அக்கா மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. வெளியே விட்டது கேட்கவில்லை.

"எழுந்துச்சா தம்பி?"

"இன்னும் இல்லக்கா."

"பெட்டி சூடு எறங்கிகினே வருது."

கே.ஜி.கண்டிகையைத் தாண்டி வயலுக்கு நடுவே ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக் கட்டடம். அதற்குள் பீரோ உயரத்தில் இரண்டு பொரிப்புப் பெட்டிகள். அக்கா என்று நான் கூப்பிடுவது அந்தப் பெட்டிகளுக்குச் சொந்தக்காரியை. ரத்த உறவில்லை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், சொந்த நிலத்தில் கடலை போடுகிற வீட்டுக்காரி. சுற்று ஊர்ப் பெண்கள் தங்கள் வீட்டு நாட்டுக்கோழி முட்டைகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் அடை வைத்துக் குஞ்சாகத் திருப்பிக் கொடுப்பாள். திருத்தணியில் கணினி பழுது பார்ப்பது என் பிழைப்பு. அவளுடைய பெட்டிகளுக்கு நான் வைத்தியன் இல்லை. பெட்டிகளை ஆட்டிவைக்கும் சர்வருக்கு மட்டும்தான்.

அந்தப் பெட்டிகளுக்கு மூளை வெளியே இருந்தது. உள்ளே எவ்வளவு சூடு வேண்டும், எவ்வளவு ஈரம் வேண்டும், முட்டைகளை எப்போது புரட்ட வேண்டும், எப்போது புரட்டவே கூடாது என்பதையெல்லாம் மேசைக்கடியில் இருக்கும் சர்வர்தான் சொல்லும். பெட்டி கேட்டு நடக்கும். ஆனால் யார் சொன்னாலும் கேட்டுவிடாது. நான்தான் உன் சர்வர் என்பதற்கு அது ஒரு சான்றிதழைக் காட்ட வேண்டும். அதைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் பெட்டி காது கொடுக்கும். ஊருக்குள் புதிதாக வந்தவனை நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பது போல. நான் அதை எப்போதும் அழகான ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. காவடிகள் இரவும் பகலும் மலையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தன. வழிநெடுக சீரியல் விளக்குகள் கட்டியிருந்தார்கள். முந்தைய நாள் மாலை கரண்ட் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, சர்வரைக் கீழே தள்ளிவிட்டது. காலையில் அது எழுந்தபோது பாதி மென்பொருள் சிதைந்திருந்தது. திரும்ப நிறுவ வேண்டும், அவ்வளவுதான், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிகிற வேலை என்று சொல்லித்தான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

முட்டைகள் பொரிக்கிற நாள் அது. அன்று மாலையோ மறுநாள் காலையோ ஓடு கீறும். உள்ளே குஞ்சு முழுதாக வளர்ந்து, அலகால் தட்டுவதற்குக் காத்திருக்கும் நேரம். சூடு கொஞ்சம் குறைந்தால் சோர்ந்துபோகும். கூடினால் வெந்துபோகும். சித்திரை வெயிலில் ஒரு அடை முழுக்க அப்படித்தான் போயிருந்தது. கரண்ட் போய், ஜெனரேட்டர் எடுக்காமல், அத்தனையும் கூமுட்டை. பெண்கள் வந்து தங்கள் தங்கள் கம்பிக்கூடையை வாங்கிக்கொண்டு பேசாமல் போனார்கள். திட்டியிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பாள்.

"இதுவும் போச்சுன்னா இனிமே ஒரு முட்டைகூட இந்த வாசப்படி ஏறாது தம்பி. அவங்கவங்க கோழிய கூடைக்கு அடியில படுக்க வெச்சுப்பாங்க."

பெட்டியின் பக்கவாட்டில், அவசரத்துக்கு என்று, ஹீட்டரைக் கையால் போட்டு அணைக்கும் சுவிட்ச் ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் பாவா. அக்காவுக்கு மூத்தவளைக் கட்டியவர். அவளுக்குப் பாவா, அதனால் எனக்கும் பாவா, கடைத்தெருவுக்கே பாவா. கண்ணாடிக்கு உள்ளே தெரியும் தெர்மாமீட்டரைப் பார்த்து, இறங்கினால் போடுவார், ஏறினால் அணைப்பார். போட்டு மறந்தால் அத்தனையும் ஆம்லெட். அந்த வார்த்தையை அவர்தான் சொன்னார், அக்கா முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

"இன்னா நைனா, ஒரு டீன்னு சொன்ன. அண்டா காலியாயிடுச்சு."

"சர்டிபிகேட் எக்ஸ்பயரின்னு சொல்லுது பாவா."

"பத்தாவதா, பன்னெண்டாவதா?"

நான் சிரிக்கவில்லை. எனக்குத் தெரிந்த வழிகளில் ஒவ்வொன்றாக நடந்தேன். இந்த வகைத் தகராறுக்கு முதலில் பார்ப்பது கணினியின் கடிகாரம். தேதி பின்தங்கியிருந்தாலும் முந்தியிருந்தாலும் நல்ல சான்றிதழ்கூடக் கெட்டதாகத் தெரியும். பார்த்தேன். தேதி சரி, மணி சரி. அடுத்து, என்னிடம் இருந்த நிறுவல் கோப்பு பழசாக இருக்கலாம். புதிதாக இறக்க வேண்டும். அந்தக் கூரைக்குக் கீழே சிக்னல் வராது. போர்செட் தொட்டி மேலே போனை வைத்தால்தான் ஒரு கோடு எழும்பும். வைத்துவிட்டு, தொட்டிக்கும் அறைக்குமாக நடந்தேன். கால் நிற்கவில்லை. எனக்கு எப்போதுமே அப்படித்தான், காத்திருக்கத் தெரியாது, காத்திருப்பதை நடந்து தீர்ப்பேன். புதிய கோப்பு வந்தது. அதே வரி. கணினி நம்பும் சான்றிதழ்களின் பட்டியல் பழசாகியிருக்குமோ என்று அதைப் புதுப்பித்தேன். அதே வரி. வைரஸ் காவலை அணைத்துப் பார்த்தேன். அதே வரி. அந்த 'சரி' பொத்தானின் மேல் எனக்கு ஒரு வெறுப்பே வந்துவிட்டது.

சென்னையில் இருக்கும், பெட்டி விற்ற கம்பெனிக்குப் போன் போட்டேன். தொட்டி மேல் ஏறி உட்கார்ந்துதான் பேச முடிந்தது. கீழே சாலையில் மஞ்சள் துணி கட்டியவர்கள் அரோகரா சொல்லிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"சார், உங்க சர்டிபிகேட் வேலிட்லதான் இருக்கு சார்" என்றது போனில் ஒரு இளம் குரல். "போன வருஷம் ஆகஸ்ட்ல இன்ஸ்டால் பண்ணியிருக்கோம். ஒரு வருஷம். இன்னும் முடியலை சார். முடியறதுக்கு முன்னாடி நாங்களே ஆள் அனுப்புவோம்."

"முடிஞ்சிடுச்சுன்னு திரையில வருதுங்களே."

"வர சான்ஸ் இல்லை சார்."

நான் கண்ணால் பார்ப்பதை, பார்க்க வாய்ப்பில்லை என்கிறது ஒரு குரல். கிருத்திகை முடிந்த பிறகு ஆள் வரும், இப்போது அந்த வழியில் வண்டி திருப்பிவிடுகிறார்கள் என்றும் சொன்னது. இறங்கிவந்தேன். பாவாவின் கை சுவிட்சில், கண் தெர்மாமீட்டரில். அக்கா ஒரு ஈரச் சாக்கைப் பிழிந்து பெட்டிக்கு அடியில் விரித்துக்கொண்டிருந்தாள், ஈரம் குறையாமல் இருக்க.

அப்போதுதான் முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். சான்றிதழையே திறந்து பார்த்தேன். அது எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை, ஒரு கோப்பு, இரண்டு தட்டு தட்டினால் விரியும். யார் தந்தது, யாருக்குத் தந்தது, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை. தொடக்க நாளைப் படித்தேன். மறுபடி படித்தேன். எழுந்து நின்றுவிட்டேன்.

போன வருடம், வைகாசி.

பெட்டிகள் வந்தது போன வருடம் ஆடியில். எனக்கு நிச்சயமாகத் தெரியும். லாரி காவடிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நகராமல் நின்றதும், நானும் நாலு பேரும் பாதி வழியில் பெட்டிகளை டிராக்டருக்கு மாற்றியதும், மொட்டைத் தலையில் சந்தனம் காயாத ஒருவர் வேண்டுதல் மாதிரி வந்து தோள் கொடுத்ததும் எனக்கு நேற்றுபோல இருந்தது. வைகாசியில் இந்த அறையில் கடலை மூட்டைதான் இருந்தது. அந்த சர்வர் எங்கள் யார் கண்ணிலும் பட்டிருக்கவில்லை.

அது வருவதற்கு முன்பே அதற்கு இங்கே ஒரு பிறப்பு. இயந்திரங்களுக்கு முன்னால் வாழ்க்கையைப் போக்கியவன் நான். அவை உடையும், சூடாகும், மக்கிப்போகும், ஆனால் பொய் சொல்லாது என்று நினைத்திருந்தவன்.

"அக்கா, போன வருஷம் வைகாசியில இங்க கம்ப்யூட்டர் ஏதாச்சும் இருந்துச்சா?"

"இல்லியே."

"இதுல அப்படித்தான் போட்டிருக்கு." தேதியைச் சொன்னேன்.

சாக்கை விரித்துக்கொண்டே, நிமிராமல் அவள் சொன்னாள். "அது விசாகம் தம்பி."

பாவா சுவிட்சைப் பார்த்த பார்வையை எடுக்காமல் தொண்டையைச் செருமினார்.

விஷயம் இதுதான். ஆடியில் எதையும் தொடங்குவதில்லை. மலை முழுக்க ஆடியில்தான் நிரம்பி வழியும். ஆனால் மலையடிவாரத்தில் ஒரு கடையும் திறக்க மாட்டார்கள், ஒரு கல்யாணமும் நடக்காது, ஒரு போர்வெல்லும் இறங்காது. முன்பு ஒருமுறை, யார் பேச்சையும் கேட்காமல், அக்கா ஒரு ஆடியில் கோழிக் கொட்டகை போட்டாள். சீக்கு வந்து கொட்டகையோடு காலி. அதிலிருந்து அடைகூட ஆனி முடிவதற்குள் வைத்துவிடுவாள், ஆடியில் பொரித்து எடுப்பாளே தவிர, ஆடியில் வைக்க மாட்டாள். அப்படிப்பட்டவள் வீட்டுக்குக் கம்பெனி ஆள் ஆடியில் வந்து நின்றான். இன்று விட்டால் புரட்டாசிக்குத்தான் வருவேன் என்றான். அக்கா முடியாது என்று கதவைச் சாத்தப் போனாள். பாவாதான் நடுவில் புகுந்தார்.

"தேதி தானே நைனா. அவன் அந்தாண்ட ஒயர் எடுக்கப் போனான். நான் தேதிய விசாகத்துக்குத் தள்ளிட்டேன். முருகன் பொறந்த நாளு, அதைவிட இன்னா வேணும். மணியையும் நல்ல நேரத்துல வெச்சேன். அவன் வந்து, ஆரம்பி ஆரம்பின்னு தட்டினான். முடிச்சுட்டுப் போனதும் நானே பழையபடி திருப்பி வெச்சுட்டேன். யாருக்கு இன்னா நஷ்டம்?"

"கற்பூரம் நான்தான் காட்டினேன்" என்றாள் அக்கா.

காலையிலிருந்து நான் அவர்களிடம் எத்தனை கேள்வி கேட்டிருப்பேன். பிளக் பிடுங்கினீர்களா, புதிதாக ஏதாவது ஏற்றினீர்களா, தண்ணீர் பட்டதா, எலி வந்ததா. எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள். இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்கவே வாய் வரவில்லை. அவர்கள் மறைக்கவில்லை. கணினிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று அவர்களுக்கு எப்படித் தோன்றும்? அன்று சர்வருக்கு மஞ்சள் தடவியதைக்கூடத்தான் சொல்லவில்லை.

நிறுவும் நேரத்தில் அந்தக் கணினி தன் சான்றிதழைத் தானே எழுதிக்கொள்கிறது. அன்று தேதி என்ன என்று கடிகாரத்தைக் கேட்டிருக்கிறது. கடிகாரம் விசாகம் என்றிருக்கிறது. ஒரு வருடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டது. கம்பெனிக் கணக்கில் அது இந்த ஆடிக் கடைசிவரை உயிரோடிருக்க வேண்டும். உண்மையில் இந்த வைகாசியிலேயே செத்துவிட்டது.

இரண்டு மாதம். நான் ஸ்டூல் இல்லாமல் தரையிலேயே உட்கார்ந்தேன். ஆனி முழுக்க அந்த சர்வர் செத்த சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு பெட்டிகளோடு பேசியிருக்கிறது. பெட்டிகளும் தலையாட்டியிருக்கின்றன. ஒருமுறை அறிமுகமாகிவிட்டால் பிறகு யாரும் தினமும் நீ யார் என்று கேட்பதில்லை. கரண்ட் தள்ளிவிட்டு, புதிதாக எழுந்து, மறுபடியும் வாசலில் நின்றபோதுதான் கேட்டார்கள். வீட்டில் என் மேசை இழுப்பறையில் எதெது இப்படிச் செத்துக் கிடக்கிறதோ என்று, அந்த நேரத்தில் தோன்றக் கூடாத ஒன்று தோன்றியது.

"அப்போ சிம்பிள் நைனா" என்றார் பாவா. "மறுபடியும் விசாகத்துக்கே தள்ளிடு. உள்ள போயிடும். அப்பறம் திருப்பிக்கலாம்."

இந்தத் தந்திரம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். நானும் செய்திருக்கிறேன். கடிகாரத்தைப் பின்னால் தள்ளினால் செத்தது உயிரோடு எழும், எழுந்த வேகத்தில் வேலையை முடித்துவிட்டு நிகழ்காலத்துக்குத் திரும்பிவிடலாம். பெட்டிச் சூடு மறுபடியும் இறங்கிக்கொண்டிருந்தது. தள்ளினேன்.

பச்சைக் கோடு நகர்ந்தது. காலையிலிருந்து ஒரு அங்குலம் நகராத கோடு, வெண்ணெயில் கத்தி போல ஓடி அந்தக் கரையைத் தொட்டது. நிறுவல் முடிந்தது என்ற எழுத்தைப் பார்த்ததும் பாவா சுவிட்சை விட்டுவிட்டுக் கையைத் தட்டினார்.

"பாத்தியா. விசாகம் கைவிடாது."

சர்வர் எழுந்தது. பெட்டிகளைக் கூப்பிட்டது. பெட்டிகள் வந்தேன் என்றன. நான் கடிகாரத்தைத் திருப்பி வைக்கக் கையை நீட்டினேன். நீட்டின கை அந்தரத்தில் நின்றது. திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத்துகள் வந்தன. முதல் பெட்டி, காலி. இரண்டாம் பெட்டி, காலி. வெப்பச் சுத்திகரிப்பு தொடங்குகிறது.

போன வருடம் வைகாசியில் இந்தப் பெட்டிகளுக்குள் முட்டையே இல்லை. அதன் கணக்கில் அது சரி. முட்டை வைத்த நாள் அதற்கு எதிர்காலத்தில் எங்கேயோ இருந்தது. காலிப் பெட்டியைப் பார்த்தால் சூட்டை முழுக்க ஏற்றிக் கிருமிகளைக் கொல்வது அதற்குச் சொல்லிக் கொடுத்த வேலை. அந்த வேலையை அது ஆசையாகத் தொடங்கிவிட்டது.

அக்கா பெட்டிக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்திருந்தாள், வெடுக்கென்று எடுத்தாள்.

"தம்பி, சுடுது."

அதற்குப் பிறகுதான் என் உடம்பு அசைந்தது. மேசைக்கடியில் பாய்ந்து ஒயரைப் பிடுங்கினேன். சர்வர் செத்தது, பெட்டியின் சூடு அடங்கவில்லை, கொடுத்த உத்தரவைப் பெட்டி நிறைவேற்றிக்கொண்டிருந்தது. பாவா சுவரிலிருந்து பெட்டியின் பிளக்கையே இழுத்தார். அக்கா கதவைத் திறந்தாள். அனல் முகத்தில் அடித்தது, ஈரமான, இறகு வாசமுள்ள அனல். அவள் முறத்தை எடுத்து விசிறினாள். பாவா சட்டையைக் கழற்றி வீசினார். நான் சும்மா நின்றேன். எவ்வளவு நேரம் அந்தச் சூடு இருந்திருக்கும், டீ ஆறுகிற நேரம்கூட இருக்காது. ஆனால் டீ ஆறுகிற நேரத்தில் எவ்வளவு வேகும் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை.

விசிறுவதை நிறுத்திவிட்டு அக்கா ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தாள். முட்டைகளின் மேல் கரியிலும் பென்சிலிலும் குறிகள் இருந்தன. ஒவ்வொரு பெண்ணும் தன் முட்டைக்குத் தன் குறியைப் போட்டுத்தான் கொண்டுவருவாள். ஒருத்தி வேல் வரைவாள், ஒருத்தி குங்குமப் பொட்டு வைப்பாள். ஆர்.கே.பேட்டைப் பக்கம் விசைத்தறி ஓட்டும் ஒருத்தி தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மாதிரி இரண்டு நீலக்கோடு இழுப்பாள். பொரித்த பிறகு எந்தக் குஞ்சு யாருடையது என்று சொல்ல முடியாது என்பதால், கடைசி நாட்களில் அவரவர் முட்டை அவரவர் கம்பிக்கூடையில்.

கீழ்த்தட்டுக் கூடைகளில் ஒன்றொன்றாக எடுத்துக் கேட்டாள். ஒரு இடத்தில் நின்றாள். என் பக்கம் நீட்டினாள். வேல் வரைந்த முட்டை. காதில் வைத்தேன். உள்ளே யாரோ நகத்தால் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேல்தட்டில், ஹீட்டருக்கு நேர்கீழே, நீலக்கோடு போட்ட முட்டைகள் இருந்தன. அவற்றை அவள் நெடுநேரம் கேட்டாள். ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள்.

பாவா பிளக்கைத் திரும்பச் சொருகி, மறுபடி கைச்சுவிட்சில் உட்கார்ந்தார். நான் தொட்டி மேல் ஏறிச் சென்னைக் குரலைப் பிடித்தேன். சான்றிதழின் தொடக்கத் தேதியைச் சொன்னேன். அந்தப் பக்கம் விசைகளைத் தட்டும் சத்தம். பிறகு, மெதுவாக,

"சார், அந்த டேட்ல இந்த மாடலை நாங்க தயாரிக்கவே ஆரம்பிக்கலை சார்."

"தெரியுதுங்க. இப்போ இன்னா பண்ணணும், அதைச் சொல்லுங்க."

அந்தப் பையன் நல்லவன். இம்முறை வாய்ப்பில்லை என்று சொல்லவில்லை. ஒவ்வொரு படியாகச் சொன்னான். கடிகாரத்தைச் சரியான தேதியில் வைக்க வேண்டும். பழைய சான்றிதழை அழிக்க வேண்டும். புதிதாக ஒன்றை எழுத வேண்டும். பெட்டிகளின் முதுகில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அதை அழுத்திப் பிடித்தால் பெட்டி பழைய சர்வரை மறந்து புதியதை ஒப்புக்கொள்ளும். முட்டைக் கணக்கு தனியாக இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகாது.

கீழே வந்து சொன்னேன். "புதுசா ஒண்ணு எழுதணும்க்கா. இன்னைக்கு தேதி விழும்."

சாலையில் பம்பை மேளச் சத்தம் போய்க்கொண்டிருந்தது. பாவாதான் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

"எழுதற வரைக்கும் மட்டும் வைகாசிக்குத் தள்ளிட்டு... இந்த வருஷ விசாகத்துக்கு. எழுதினதும் உடனே..."

முடியாத காரியமில்லை. பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்தால் ஆபத்துகூட இல்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கையில் இன்னும் அந்த வேல் முட்டை. ஓட்டில் முடி அளவுக்கு ஒரு கீறல் விழுந்திருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம் பாவா. இது இன்னைக்குத் தானே வருது. இன்னைக்கு தேதியே போடச் சொல்லு."

"ஆடி."

"ஆங். ஆடிதான்."

எழுதினேன். ஆடி மாதத்தின் ஒரு சாதாரண நாள், நல்ல நேரம் பார்க்காத ஒரு மணி. அக்கா பெட்டிகளின் பின்னால் போய், சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே கையை நுழைத்து, நான் சொன்னதும் அழுத்தி, நான் சொன்னதும் விட்டாள். கற்பூரம் காட்டவில்லை. சர்வர் கூப்பிட்டது. பெட்டி யோசித்தது. அந்த யோசனை முடிவதற்குள் எனக்கு அரை வயது கூடியிருக்கும். முதல் பெட்டி, காலி. அந்த வார்த்தையைப் பார்த்ததும் பாவா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். அது உண்மையாகவே காலிதான், ஆடிக்கு அடை வைக்காத பெட்டி. அதன் சுத்திகரிப்பை உடனே நிறுத்தினேன். இரண்டாம் பெட்டி, முட்டைகள் உள்ளன, பொரிக்கும் தருணம், புரட்டாதே. ஹீட்டர் மெல்லத் தன் வேலையைத் தொடங்கியது. பாவா தன் விரல்களை நீவிக்கொண்டார்.

அன்று மாலை முதல் கூடையிலிருந்து சத்தம் வந்தது. மறுநாள் காலை நான் போனபோது கீழ்த்தட்டு முழுக்கக் கூச்சல். ஈரம் காயாத, நிற்கத் தெரியாத, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து எழும் கூச்சல். பெண்கள் வந்தார்கள். கூடைகளை முந்தானையால் மூடி எடுத்துப் போனார்கள். சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே ஏதோ ஒன்று இன்னும் அந்தத் திரைக்கு முன்னால் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தது.

நீலக்கோட்டுக் கூடையில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை.

விசைத்தறிக்காரி சில நாள் கழித்துத்தான் வந்தாள். கிருத்திகைக் கூட்டத்தில் டவுன் பஸ் ஓடவில்லை. நான் அன்று யூபிஎஸ் மாட்டப் போயிருந்தேன். கையில் ஒரு தூக்குவாளி வைத்திருந்தாள். அக்கா கூடையை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். சுற்றிவளைக்கவில்லை.

"உன்னுது எதுவும் வரல. தேதிய மாத்தினோம், அதுல சூடு ஏறிடுச்சு. மேல்தட்டுல இருந்தது உன் கூடை."

அவள் குனிந்து ஒரு முட்டையை எடுத்துக் கூடையின் விளிம்பில் மெதுவாகத் தட்டினாள். ஓடு விலகியது. உள்ளே முழுக் குஞ்சு. இறகு, நகம், மூடிய கண், அலகின் நுனியில் ஓட்டை உடைப்பதற்கென்றே இருக்கும் வெள்ளைப் புள்ளி. ஒரு தட்டு தட்டியிருந்தால் வெளியே வந்திருக்கும். பாவா வெளியே போய்விட்டார்.

"தேதிய மாத்துனா சூடு ஏறுமா?" என்று என்னைக் கேட்டாள்.

"ஏறிச்சும்மா."

"தறியில நூல் நம்பர் மாத்தி அடிச்சா பாவு அறுந்துபோறா மாதிரி." அவளே சொல்லிக்கொண்டாள். குஞ்சை ஓட்டோடு சேர்த்து மூடிக் கூடையில் வைத்தாள். பிறகு தூக்கின் மூடியைத் திறந்தாள். உமிக்குள் புதைந்து நீலக்கோடுகள். புதிய முட்டைகள்.

அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். அவள் அந்தத் தூக்கைத் தொடவில்லை. பழக்கத்தில் வாய் மட்டும் பேசியது.

"ஆவணி பொறக்கட்டுமே. அப்பறம் கொண்டாயேன்."

"அது வரைக்கும் இது தாங்குமா? இருக்கற புழுக்கத்துல கூமுட்டையாயிடும். இன்னைக்கு வெச்சா எப்ப பொரிக்கும்?"

அக்கா விரல் மடக்கினாள். "ஆவணில."

"அப்ப வையி."

வாசலில் பாவா திரும்பி நின்றிருந்தார். உள்ளே வந்து, முதல் பெட்டியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அக்கா முட்டைகளை உமி ஊதி ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினாள். கீழ்த்தட்டில். சர்வர் அடை வைக்கும் தேதியைக் கேட்டது. நான் எதையும் தட்டவில்லை. அது தானாகவே அன்றைய தேதியைக் காட்டி, 'சரி' என்று ஒரு பொத்தானோடு காத்திருந்தது. அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து அதை அழுத்தினாள்.